பட்டம் பெற்ற பிள்ளைக்காக நன்றித் திருப்பலி ஒப்புக்கொடுக்கும் பெற்றோருக்கு

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பட்டமளிப்பு விழாக்கள் முடிகிற நாட்களில் திருகோணமலைப் பங்குகளில் நன்றித் திருப்பலி கேட்டு வருவோரும் கூடுவார்கள். பிள்ளை பட்டம் வாங்கியது யாழ்ப்பாணத்திலா, பேராதனையிலா, வந்தாறுமூலையிலா, ஒலுவிலிலா, அல்லது இங்கே கோணேசபுரி வளாகத்திலா, எங்கே என்றாலும் தாய் தகப்பனின் கால் முதலில் போவது கோயிலுக்குத்தான். இதைவிட நல்ல வழக்கம் வேறில்லை. ஆனால் சில வருடங்களாக அந்தத் திருப்பலி பட்டமளிப்பு மண்டபத்தின் தொடர்ச்சி போல ஆகிவருகிறது. வாசலில் பதாகை, முன்வரிசையில் அங்கியோடு பிள்ளை, பீடத்தடியில் படப்பிடிப்பாளர், முடிவில் நீண்ட பாராட்டுரை. நன்றி சொல்ல வந்த பெற்றோர் வாழ்த்து வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். இந்தத் திருப்பலியை எப்படி ஒழுங்கு செய்தால் நன்றி நன்றியாகவே நிற்கும் என்பதைத் தங்கள் பத்திரிகை வாயிலாகப் பெற்றோருக்குச் சொல்ல விரும்புகிறேன்.

நன்றித் திருப்பலிகளில் பெரும்பாலும் வாசிக்கப்படுவது பத்துத் தொழுநோயாளர் பகுதி (லூக்கா 17:11-19). அதில் ஒரு விபரத்தை நாம் கவனிக்காமல் தாண்டிவிடுகிறோம். ‘குருக்களிடம் போய் உங்களைக் காட்டுங்கள்’ என்று இயேசு அவர்களை அனுப்புகிறார். லேவியர் நூல் 14ஆம் அதிகாரத்தின்படி தொழுநோய் நீங்கிவிட்டது என்று பார்த்து அறிவிக்க வேண்டியவர் குரு. அந்த அறிவிப்பு இல்லாமல் ஊருக்குள் காலடி வைக்க முடியாது. இன்றைய பேச்சில் சொன்னால், பத்துப் பேரும் சான்றிதழ் எடுக்கப் போய்க்கொண்டிருந்தவர்கள். ஒன்பது பேர் குற்றம் ஒன்றும் செய்யவில்லை, சொன்னபடி நடந்தார்கள். ஒருவன் மட்டும் சான்றிதழை விட்டுவிட்டு வழியிலேயே திரும்பினான். அவன் சமாரியன், யூதருக்குப் பிறத்தியான். பெற்றோரின் நன்றியில் இந்த இரண்டும் இருக்கவேண்டும்: சான்றிதழைச் சற்று அப்பால் வைத்துவிட்டுத் திரும்பி வருவது, நம் கோயிலுக்கு வெளியே உள்ளவர்களையும் அந்த நன்றிக்குள் சேர்ப்பது.

முதலில் நாள். பட்டமளிப்புத் திகதியை வைத்துத் திருப்பலிக்கு நாள் குறிக்க வேண்டாம். பல்கலைக்கழக விழாக்கள் தள்ளிப்போவது வழமை. விழா முடிந்து ஓரிரு வாரம் கழித்து வரும் ஒரு வாரநாள் மாலையே நல்லது. ஞாயிறு பிரதான திருப்பலிதான் வேண்டும் என்று கேட்டுப் பங்குப் பணிமனையில் மனம் நோகிறவர்கள் உண்டு. ஞாயிறுகளிலும் கடன் திருநாள்களிலும் தம் பங்கு மக்கள் எல்லோருக்காகவும் ஒரு திருப்பலி ஒப்புக்கொடுப்பது பங்குத்தந்தையின் கடமை, திருச்சபைச் சட்டம் 534 அதைச் சொல்கிறது. அந்தத் திருப்பலிக்கு உங்கள் கருத்தை (யாருக்காக, எதற்காக ஒப்புக்கொடுப்பது என்பதை) எடுக்க முடியாது என்று அவர் சொன்னால் உங்களைத் தட்டிக்கழிக்கிறார் என்று அர்த்தமில்லை. இன்னொன்று, ஞாயிறில் அந்த ஞாயிற்றுக்குரிய வாசகங்கள்தான் வரும். பொதுக்காலத்து வாரநாள் என்றால் திருப்பலிப் புத்தகத்தில் உள்ள ‘இறைவனுக்கு நன்றி கூற’ என்ற திருப்பலியை அப்படியே எடுக்கலாம், வாசகங்களையும் தெரிவுசெய்துகொள்ளலாம். தவக்காலத்தில் வைத்தால் உன்னதப் பாடல் கிடையாது. வெள்ளிக்கிழமையாகவும் அமைந்துவிட்டால் இறைச்சி இல்லாத சாப்பாடு. இதை முன்கூட்டியே யோசிக்காமல் கோழிப் புரியாணிக்கு முற்பணம் கொடுத்துவிட்டுத் தவிப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு மாதம் முன்னரே பணிமனைக்குப் போய்க் கருத்தைப் பதிந்துவிடுங்கள்.

திருப்பலிக் காணிக்கை விலை அல்ல. ஒரு நாளில் எத்தனை திருப்பலி ஒப்புக்கொடுத்தாலும், கிறிஸ்து பிறப்பு நாள் தவிர, குருவானவர் ஒரு காணிக்கையை மட்டுமே தமக்கென வைத்துக்கொள்ளலாம். கூடக் கொடுத்தால் கூடிய ஆசீர்வாதம் என்ற எண்ணத்தைப் பிள்ளைக்கும் கற்றுக்கொடுக்க வேண்டாம். இறந்துபோன தகப்பனையோ அம்மம்மாவையோ நினைத்து ஒப்புக்கொடுக்க ஆசையென்றால் அதற்கு வேறொரு நாள் திருப்பலி கேளுங்கள். இந்தத் திருப்பலியில் மன்றாட்டில் அவர்கள் பெயர் வந்தால் போதும்.

வாசகங்களில் சீராக் 50:22-24 இந்தச் சந்தர்ப்பத்துக்கென்றே எழுதினது போல இருக்கும். தாயின் கருவறையிலிருந்தே நம் வாழ்நாளை உயர்த்துகிற கடவுளைப் போற்றச் சொல்கிற பகுதி அது. 1 கொரிந்தியர் 1:3-9உம் பொருந்தும், சொல்வன்மையும் அறிவும் கடவுள் கொடுத்த செல்வம் என்கிறது. பதிலுரைக்குத் திருப்பாடல் 138 அல்லது 145. முதல் வாசகத்தைப் பட்டதாரிப் பிள்ளையே வாசிக்கட்டும் என்பது பெற்றோரின் ஆசை. நல்லது. ஆனால் நான்கு வருடம் வெளியூரில் இருந்த பிள்ளை, ஆங்கிலத்தில் படித்த பிள்ளை, தமிழ் வாசகத்தை முதல் நாளே கோயிலில் ஒலிவாங்கிக்கு முன்னால் நின்று இரண்டு தரம் உரக்க வாசித்துப் பார்க்க வேண்டும். கைபேசியில் இருந்து வாசிக்கக் கூடாது. நடுவில் திரை அணைந்துபோகும், அழைப்பு வரும். அதைவிட, இறைவார்த்தை அதற்குரிய வாசகப் புத்தகத்தில் இருந்து வாசிக்கப்பட வேண்டியது.

மன்றாட்டுகளில்தான் பெரிய பிழை நடக்கிறது. ‘எங்கள் மகளுக்கு முதல் வகுப்புச் சித்தி தந்தீரே, உமக்கு நன்றி’ என்று தொடங்கி ஆறு மன்றாட்டும் நன்றியாகவே போகும். விசுவாசிகளின் மன்றாட்டு கேட்பதற்கான இடம். திருச்சபைக்காக, நாட்டை ஆளுவோருக்காகவும் உலகுக்காகவும், துன்பப்படுவோருக்காக, இந்தப் பங்குக்காக என்பது அதன் ஒழுங்கு. குடும்பத்துக்கென ஒன்று சேர்க்கலாம். மூன்றாவது இடத்தில், துன்பப்படுவோருக்கான மன்றாட்டில், கட்டாயம் வரவேண்டியவர்கள் சிலர் உண்டு. அதே கோயிலில், மூன்று வாங்கு பின்னால், பல்கலைக்கழக அனுமதிக்கான இஸட் புள்ளி சில தசமங்களால் குறைந்து வாய்ப்பு இழந்த பிள்ளையின் தாய் இருப்பாள். மூன்றாம் தரமும் உயர்தரம் எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் பையன் இருப்பான். படிப்பை இடையில் விட்டுக் கட்டாருக்குப் போனவனின் தகப்பன் இருப்பார். பட்டம் பெற்றும் வேலை கிடைக்காதவர்களும் இருப்பார்கள், 2017இல் கிழக்கு மாகாணப் பட்டதாரிகள் மாதக்கணக்கில் வீதியோரம் உட்கார்ந்ததை இந்த ஊர் மறந்திருக்காது. இப்படி எழுதலாம்: ‘எதிர்பார்த்த பரீட்சை முடிவு கிடைக்காத எங்கள் பிள்ளைகளுக்காகவும், படித்த படிப்புக்கு வேலை தேடும் இளையோருக்காகவும், அவர்களோடு சேர்ந்து காத்திருக்கும் பெற்றோருக்காகவும் மன்றாடுகிறோம்.’ தோற்றவர்கள், வாய்ப்பற்றவர்கள் என்ற சொற்கள் வேண்டாம். அந்தத் தாய் அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

இதே காரணத்தால்தான் வீட்டுக்கு வீடு தனித்தனியாக வைக்காமல் பங்கில் வருடத்துக்கு ஒரு நன்றித் திருப்பலி வைப்பது மேல் என்று நினைக்கிறேன். பல்கலைக்கழகப் பட்டம் மட்டுமல்ல, கல்வியியற் கல்லூரி, தாதியர் பயிற்சி, தொழில்நுட்பக் கல்லூரி, தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் என்று அந்த வருடம் படிப்பை முடித்த எல்லோரின் பெயரும் அகர வரிசையில் ஒருமுறை வாசிக்கப்படட்டும். வகுப்பு, பாடம், பல்கலைக்கழகம் எதுவும் சேர்க்க வேண்டாம். மருத்துவரின் பெயருக்கு அடுத்ததாக மின்னிணைப்பாளரின் பெயர் வரட்டும்.

காணிக்கைப் பவனிக்கு வருவோம். சுருட்டிய சான்றிதழ், தொப்பி, மடிக்கணினி, பதக்கம், பாடப் புத்தகம் எல்லாம் தட்டில் வைத்துக் கொண்டுபோகிறார்கள். திருப்பலி முடிந்ததும் அதே தட்டைத் தேடி எடுத்துக்கொண்டு போகிறார்கள். திரும்ப எடுத்துப் போகிற பொருள் காணிக்கையாகாது. பவனியில் போகவேண்டியது அப்பமும் இரசமும், அவற்றோடு ஏழைகளுக்கோ கோயிலுக்கோ கொடுத்துவிடப் போகும் பொருள். அரிசிப் பை, பருப்பு, கொப்பிகள், பாவித்த உயர்தரப் பாடநூல்கள், நல்ல நிலையில் உள்ள கல்குலேட்டர், இவை போகலாம். பாடநூல்களை ஒரு தரம் புரட்டிப் பாருங்கள். பாடத்திட்டம் மாறிப்போன புத்தகத்தைக் காணிக்கை வைப்பதில் பயனில்லை. கடந்தகால வினாத்தாள் தொகுப்புகளுக்குத்தான் பிள்ளைகளிடம் தேவை அதிகம். கணக்குப் பயிற்சிக் கொப்பிகளும் அப்படியே, தெளிவான கையெழுத்தில் இருந்தால் அடுத்த பிள்ளைக்கு அது ரியூசனுக்குச் சமம்.

அங்கி பற்றிக் கேட்பவர்கள் உண்டு. விழா முடிந்த கையோடு அங்கியைத் திருப்பிக் கொடுக்கவேண்டிய பல்கலைக்கழகங்கள் உள்ளன. அதனால் திருப்பலிக்கென்று ஸ்ரூடியோவில் வாடகைக்கு எடுக்கிறார்கள். தேவையில்லை. ஞாயிறு உடுப்பு போதும். பிள்ளை வழமையாக இருக்கும் வாங்கிலேயே இருக்கட்டும். முன்வரிசையில் யாரையாவது இருத்தவேண்டும் என்றால் பட்டமளிப்பு மண்டபத்துக்குள் போகமுடியாமல் போனவர்களை இருத்துங்கள். ஒரு பட்டதாரிக்குப் பெரும்பாலும் இரண்டு அழைப்பிதழ்தான் கிடைக்கும். தாய் மத்திய கிழக்கில் வேலை செய்த வருடங்களில் பிள்ளைக்குத் தலை வாரிப் பள்ளிக்கு அனுப்பிய அம்மம்மா, தன் படிப்பை நிறுத்திக் கடைக்குப் போன அண்ணா, இவர்களுக்கு அந்த மண்டபத்தில் கதிரை இருந்திருக்காது. கோயிலில் இருக்கட்டும். படமெடுப்பவருக்கு ஒரு பக்கம் இடம் குறித்துக் கொடுங்கள், எழுந்தேற்றம் தொடக்கம் நற்கருணை முடியும்வரை மின்னொளி அடிக்கக்கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

நன்றியுரைக்கு உரிய இடம் நற்கருணைக்குப் பின்னான மன்றாட்டு முடிந்து இறுதி ஆசீருக்கு முன். பங்குத்தந்தையின் அனுமதி வேண்டும். பெற்றோரில் ஒருவர் பேசினால் போதும், இரண்டு நிமிடம். எழுதி வாசித்தால் ஏறக்குறைய இருநூறு சொற்கள். எழுதாமல் போனால் பத்து நிமிடம் ஆகும், சொல்லவேண்டிய பெயர்கள் விடுபடும். அந்த இருநூறு சொல்லில் பிள்ளையின் திறமையைப் பற்றி ஒன்றும் வேண்டாம். யார் யார் என்ன செய்தார்கள் என்பதே வேண்டும். ‘ஐந்தாம் வகுப்பில் பின்னேரம் நிறுத்திவைத்துக் கணக்குச் சொல்லிக்கொடுத்த ரீச்சர்’, ‘காசு பிந்தினாலும் வகுப்பை விட்டு எழுப்பாத பௌதிகவியல் சேர்’, ‘விடுதி கிடைக்காத முதல் வருடத்தில் வாடகையில் ஆயிரம் ரூபா குறைத்த வீட்டுக்கார அம்மா’. இப்படிச் செய்ததைச் சொன்னால் நன்றி உண்மையாக ஒலிக்கும். ‘ஆசிரியர்கள் அனைவருக்கும்’ என்று ஒட்டுமொத்தமாகச் சொல்லும் நன்றி யாருக்கும் போய்ச் சேராது.

இன்று பட்டம் பெறும் பிள்ளைகள் பலர் 2004 டிசம்பர் 26இல் பாலர் பாடசாலை வயதில் இருந்தவர்கள். கொரோனாக் காலத்தில் கைபேசி வகுப்பில் படித்தவர்கள். 2022இல் மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் கரையில் கிடந்தபோது கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ ஒருநேரச் சாப்பாட்டோடு விடுதியில் இருந்தவர்கள். அவர்களைக் கரைசேர்த்தவர்கள் கிறிஸ்தவர்கள் மட்டுமல்ல. 1945இல் இலவசக் கல்வி வந்ததிலிருந்து ஒரு பிள்ளையின் பட்டப்படிப்புச் செலவைப் பொதுப்பணமே தாங்குகிறது. கிண்ணியாவில் மீன் விற்பவரும் கந்தளாயில் வயல் செய்பவரும் சவர்க்காரம் வாங்கும்போது கட்டுகிற 18 வீத பெறுமதி சேர் வரி அதற்குள் இருக்கிறது. நன்றியுரையில் இதற்கும் ஒரு வரி ஒதுக்கலாம். சமாரியன் வந்த கதையை வாசித்துவிட்டுச் சைவ ரீச்சரையும் முஸ்லிம் சேரையும் அழைக்காமல் விடக்கூடாது.

அவர்களை அழைக்கும்போது இரண்டு விடயத்தை முன்னரே அன்பாகச் சொல்லிவையுங்கள். ஒன்று, நற்கருணை நேரத்தில் வரிசையில் வரவேண்டியதில்லை, இருந்தபடியே இருக்கலாம் என்பது. சொல்லாவிட்டால், மற்றவர்கள் எழும்புவதைப் பார்த்து மரியாதைக்காக அவர்களும் வரிசையில் வந்து, பீடத்துக்கு முன்னால் என்ன செய்வதென்று தெரியாமல் சங்கடப்படுவார்கள். பக்கத்தில் விபரம் தெரிந்த ஒருவரை இருத்தினால் இன்னும் நல்லது. இரண்டாவது சாப்பாடு. இறைச்சி உருண்டையும் றோல்ஸும் வைத்தால் இருவருமே கை வைக்கமாட்டார்கள். மரக்கறிச் சிற்றுண்டியே எல்லோருக்கும் பொது. ஐம்பது பேருக்கு ஒரு கிலோ உளுந்து போட்டால் ஆளுக்கொரு வடை வரும், இரண்டு கிலோ என்றால் தாராளம். பால்தேநீருக்குத் தேயிலை 150 கிராம், சீனி முக்கால் கிலோ, 400 கிராம் பால்மாப் பைக்கற் மூன்று. மதியச் சாப்பாடு என்றால் அரிசி ஏழு எட்டு கிலோ, பருப்பு இரண்டு கிலோ. எண்ணெய் புதியதாக இருக்கட்டும், முந்திய நாள் மீன் பொரித்த எண்ணெயில் வடை சுட்டால் சைவர்களுக்கு ஆகாது.

லேவியர் 7ஆம் அதிகாரத்தில் நன்றிப் பலிக்கு ஒரு விதி இருக்கிறது. எண்ணெயில் பிசைந்த அப்பங்களோடு ஒப்புக்கொடுத்த அந்தப் பலியின் இறைச்சியை அன்றே சாப்பிட்டு முடிக்கவேண்டும், விடியும்வரை வைக்கக்கூடாது. ஒரு குடும்பம் ஒரு நாளில் ஒரு மாட்டைத் தின்று முடிக்க முடியாது. ஆகவே அயலவரைக் கூப்பிட்டே ஆகவேண்டும். நன்றி விருந்துக்கு அளவுகோல் அந்த விதிதான் என்பேன். இருப்பதைப் பலரோடு அன்றே பகிர்வது. அடைவு வைத்த நகையை மீட்காமல் இன்னொரு சோடி காப்பையும் அடைவு வைத்து மண்டபம் எடுப்பவர்களைப் பார்க்க வேதனையாக இருக்கிறது. பிள்ளையின் படிப்புக்காக வைத்த நகைக்கு வட்டி ஏறிக்கொண்டிருக்கையில் விருந்துக் கடனையும் பட்டதாரியின் தலையில் ஏற்றுகிறோம். முதலில் நகையை மீளுங்கள். வடையும் தேநீரும் போதும்.

மெதடிஸ்த சபையிலும் மற்றச் சபைகளிலும் ஸ்தோத்திரக் காணிக்கை உறையில் கருத்தை எழுதிக் கொடுப்பார்கள். சில இடங்களில் தொகையையும் சேர்த்து வாசிக்கிறார்கள். கருத்தை மட்டும் வாசித்தால் நூறு ரூபா வைத்த தாய்க்கும் மனம் நிறையும்.

காணிக்கையில் பெரிய பங்கு எங்கே போகவேண்டும் என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான பிள்ளைக்கு மகாபொல உதவித்தொகையின் முதற் தவணை கைக்கு வரப் பல மாதங்கள் எடுக்கும். அந்த முதல் நான்கைந்து மாதத்தில்தான் ஏழைப் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். மெத்தை, நுளம்புவலை, வாளி, பஸ் காசு, நிழற்பிரதிக் காசு, மூன்று வேளைச் சாப்பாடு எல்லாம் ஒன்றாக வந்து விழும் காலம் அது. உங்கள் பிள்ளை பட்டம் பெற்ற வருடத்தில் முதலாம் வருடத்துக்குப் போகும் ஒரு பிள்ளையின் அந்த மாதங்களை ஏற்றுக்கொள்ளுங்கள். ஒரே தொகையாகக் கொடுத்தால் வீட்டுக் கடனுக்குப் போய்விடும். மாதாமாதம் ஒரே திகதியில் பிள்ளையின் சொந்த வங்கிக் கணக்குக்குப் போகும்படி வங்கியில் எழுதிக்கொடுக்கலாம். யாருக்குத் தேவை என்று பங்குத்தந்தைக்கும் வின்சென்ட் டி போல் சபையினருக்கும் தெரியும், அவர்கள் வழியாகவே செய்யுங்கள். கையளிக்கும் படம் வேண்டாம், முகநூலில் போடவும் வேண்டாம். அந்தப் பிள்ளை நாளைக்கு அதே மண்டபத்தில் பட்டம் வாங்கும்போது இந்தப் படம் அதன் கண்ணில் படக்கூடாது.

கடைசியாக நேர்த்தி. ‘பிள்ளை பாஸ் பண்ணினால் மடு மாதா கோயிலுக்கு நடந்து வருவேன்’, ‘பிள்ளையின் உயரத்துக்கு மெழுகுதிரி ஏற்றுவேன்’, ‘முதல் சம்பளம் முழுவதும் மாதாவுக்கு’ என்று வேண்டிக்கொண்ட பெற்றோர் பலர். பட்டம் கிடைத்ததும் அதைப் பிள்ளையிடம் வசூலிக்கிறார்கள், வேலையே கிடைக்காத பிள்ளை முதல் சம்பளத்தை நினைத்துக் குற்ற உணர்வோடு திரிகிறது. திருச்சபைச் சட்டம் 1193 தெளிவாக இருக்கிறது: நேர்த்தி அதை வைத்தவரை மட்டுமே கட்டும். தாய் வைத்த நேர்த்தியைத் தாய்தான் நிறைவேற்ற வேண்டும். முழங்கால் வருத்தத்தால் நடக்க முடியாமல் போனாலோ, வசதி குறைந்துபோனாலோ, பயந்துகொண்டிருக்கத் தேவையில்லை. சொன்னதற்குச் சமமான அல்லது அதிலும் மேலான நற்செயலாக அதை நேர்த்தி வைத்தவரே மாற்றிக்கொள்ளலாம். குறைத்து மாற்றவோ முழுதாக விடுவிக்கவோ பங்குத்தந்தைக்கு அதிகாரம் உண்டு. பணிமனை நேரத்தில் போய் நேரில் சொன்னால் போதும். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகவேண்டியதில்லை.

இப்படிக்கு,
பங்கு வழிபாட்டுக் குழுப் பணியாளர்,
உவர்மலை, திருகோணமலை.